பணிமூப்பு: விமான நிறுவனங்கள் இணையும்போது விமானிகள் பிரிவது ஏன்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள சான்ட்ரிங்ஹாம், இந்திய, இலங்கை மளிகைக் கடைகளும் உணவகங்களும் அடுத்தடுத்து அமைந்த பகுதி. அங்கு வாழும் தமிழர்கள் சென்னைக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டுமானால், சிங்கப்பூர் போன்ற ஏதேனும் ஒரு நகரில் இறங்கி விமானம் மாறியே பயணத்தைத் தொடர வேண்டும். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏர் இந்தியாவும் ஏர் நியூசிலாந்தும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. இந்தியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே 2028ஆம் ஆண்டு இறுதிக்குள் நேரடி விமான சேவையைத் தொடங்குவது குறித்து ஆராயப்போவதாக அவை அப்போது அறிவித்தன. புதிய விமானங்கள் வந்து சேருவதையும், அரசுகளின் அனுமதி கிடைப்பதையும் பொறுத்தே அது அமையும் என்றும் கூறப்பட்டது.

விமானங்களையும் அனுமதியையும் பற்றி இத்தகைய அறிவிப்புகள் பேசுகின்றன. அந்த விமானங்களை யார் செலுத்துவது என்ற கேள்வியை அவை பொதுவாகத் தொடுவதில்லை. ஆனால் தொலைதூரம் செல்லும் ஒரு பெரிய விமானம் புதிதாக வரும்போது, அதன் தலைமை இருக்கையில் அமரும் உரிமை யாருக்கு முதலில் என்ற கேள்வி ஒரு நிறுவனத்தையே முடக்கக் கூடியது. ஏர் இந்தியா இதை 2012ஆம் ஆண்டு அனுபவத்தில் உணர்ந்தது. போயிங் 787 டிரீம்லைனர் விமானத்துக்கான பயிற்சி யாருக்கு என்ற தகராறில், அதன் விமானிகளில் ஒரு பிரிவினர் 58 நாட்கள் பணிக்கு வரவில்லை.

அந்தத் தகராறின் வேர், ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஓர் இணைப்பில் இருந்தது. இரண்டு நிறுவனங்கள் சட்டப்படி ஒன்றாகிவிட்டன. அவற்றின் விமானிகளின் பணிமூப்புப் பட்டியல்கள் ஒன்றாகவில்லை.

ஓர் எண்ணில் அடங்கும் வாழ்க்கை

மற்றத் தொழில்களிலும் பணிமூப்பு உண்டு. அரசு அலுவலகங்களில் பதவி உயர்வுக்கு அது முக்கியம். ஆனால் ஒரு விமானியின் வாழ்க்கையில் அது பிடித்திருக்கும் இடம் வேறு எந்தத் தொழிலிலும் காண்பதற்கு அரிது.

உலகின் பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்களில், பணியில் சேரும் ஒவ்வொரு விமானிக்கும் பட்டியலில் ஓர் இடம் கிடைக்கிறது. தமக்கு மேலே உள்ளவர்கள் ஓய்வுபெறும்போதோ விலகும்போதோதான் அவர் மேலே நகர முடியும். துணை விமானி எப்போது தலைமை விமானியாக, அதாவது கமாண்டராக ஆவார், எந்த ரக விமானத்தைச் செலுத்துவார், எந்த நகரைத் தளமாகக் கொண்டு பணியாற்றுவார், விடுமுறை எந்த மாதத்தில் கிடைக்கும், பண்டிகை நாளன்று வீட்டில் இருப்பாரா அல்லது வேறொரு நாட்டின் விடுதி அறையில் இருப்பாரா என்பவற்றை எல்லாம் அந்த எண்ணே பெருமளவில் தீர்மானிக்கிறது. பெரிய விமானத்துக்கும் கமாண்டர் பதவிக்கும் ஊதியம் அதிகம் என்பதால், வாழ்நாள் வருமானமும் அதையே சார்ந்திருக்கிறது. தொழில் நலிந்து ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தால், பட்டியலின் கடைசியில் இருப்பவரே முதலில் வெளியேற வேண்டும்.

இந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்றில் இருபது ஆண்டுகள் பணியாற்றிய கமாண்டர், மற்றொரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் பொதுவாகப் பட்டியலின் அடியில் துணை விமானியாகவே மீண்டும் தொடங்க வேண்டும். இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் அனுபவம் உள்ளவர்களை நேரடியாகக் கமாண்டராக அமர்த்தும் வழக்கம் இருக்கிறது. அங்கேயும் நிறுவனத்துக்குள் வரிசை என்ற ஒன்று இல்லாமல் போவதில்லை.

திறமையைப் பார்க்காமல் சேர்ந்த தேதியைப் பார்ப்பது ஏன் என்று கேட்கலாம். விமானியின் பணி, விற்பனையாளரின் பணியைப் போல எண்ணிக் கணக்கிடத்தக்கது அல்ல. புயலைக் கண்டு தரையிறங்க மறுத்து வேறு விமான நிலையத்துக்குத் திரும்பும் கமாண்டர், நிறுவனத்துக்குச் செலவை ஏற்படுத்துகிறார். ஆனால் அவர் செய்ததே சரியான பணி. பதவி உயர்வு மேலாளரின் மனநிறைவைப் பொறுத்தது என்றாகிவிட்டால், அத்தகைய முடிவை எடுக்க ஒரு விமானி தயங்கக் கூடும். தகுதித் தேர்வுகளிலும் மருத்துவப் பரிசோதனைகளிலும் எல்லோரும் திரும்பத் திரும்பத் தேற வேண்டும்; தேறியவர்களுக்கு இடையே வரிசையை எவரது தயவும் இன்றித் தேதி முடிவு செய்யட்டும் என்பதே இம்முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம்.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு ஏணிகள்

ஏர் இந்தியாவின் வரலாறே இணைப்புகளின் வரலாறு எனலாம். ஜே.ஆர்.டி. டாட்டா 1932ஆம் ஆண்டு தொடங்கிய அஞ்சல் விமான சேவை, கராச்சியில் புறப்பட்டு மும்பை வழியாகச் சென்னை வரை நீண்டது. அந்த நிறுவனமே பின்னர் ஏர் இந்தியா ஆயிற்று. 1953ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாக்கப்பட்டபோது, எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. வெளிநாட்டுச் சேவைகள் ஏர் இந்தியா வசம் இருந்தன.

அடுத்த அரை நூற்றாண்டில் இவ்விரு நிறுவனங்களும் தனித்தனிப் பண்பாடுகளை வளர்த்துக்கொண்டன. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களில், சென்னை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களை இணைக்கும் குறுகிய பயணங்களை மேற்கொண்டனர். அண்டை நாடுகளுக்கும் சென்றனர். ஏர் இந்தியா விமானிகள் போயிங் 747 போன்ற பெரிய விமானங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பறந்தனர். முந்தையவர்களுக்கு இந்திய வணிக விமானிகள் சங்கம், பிந்தையவர்களுக்கு இந்திய விமானிகள் கில்டு எனச் சங்கங்களும் வேறு வேறாக இருந்தன. படிகளும் ஊக்கத்தொகையும் கணக்கிடப்பட்ட விதமும் வேறு.

பதவி உயர்வின் வேகமும் ஒன்றாக இருக்கவில்லை. பெரிய விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஏர் இந்தியாவின் துணை விமானி, கமாண்டர் ஆவதற்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்நாட்டுச் சேவையில் அந்த வாய்ப்பு ஒப்பீட்டளவில் விரைவாகக் கிடைத்தது. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த இருவரில், ஒருவர் சிறிய விமானத்தின் கமாண்டராகவும் மற்றவர் பெரிய விமானத்தின் துணை விமானியாகவும் இருக்கும் நிலை இதனால் ஏற்பட்டது. இவர்களில் மூத்தவர் யார் என்பதற்கு இரண்டு பட்டியல்களும் தனித்தனியாக விடை சொல்ல முடியாது.

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்திய அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் இணைப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே ஏர் இந்தியாவும் அதன் துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரசும் போயிங் நிறுவனத்திடம் 68 விமானங்களையும், இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் நிறுவனத்திடம் 43 விமானங்களையும் வாங்க முடிவு செய்திருந்தன. விமானக் கொள்முதல் முடிவுகள் தனித்தனியாக எடுக்கப்பட்ட பின்னரே இணைப்பு மேற்கொள்ளப்பட்டது என்பதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் குறையாகச் சுட்டிக்காட்டினார்.

விமானிகளைப் பொறுத்தவரை அந்தக் கொள்முதலுக்கு வேறொரு பொருளும் இருந்தது. போயிங் நிறுவனத்திடம் கேட்கப்பட்ட விமானங்களில் 27 டிரீம்லைனர்கள் அடங்கும். இவை தங்கள் நிறுவனம் தங்களுக்காக வாங்கிய விமானங்கள், தங்களது பதவி உயர்வுக்கான படிகள் என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் கருதினர். இப்போது இருப்பது ஒரே நிறுவனம், அதன் விமானங்கள் அனைவருக்கும் பொது என்று பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் கருதினர்.

முதலில் ஒரு தரப்பு, பின்னர் மறு தரப்பு

முதல் மோதல் ஊதியத்தை ஒட்டி எழுந்தது. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் இந்திய வணிக விமானிகள் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 800 விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரே நிறுவனத்தில் பணியாற்றும் தங்களுக்கும் பழைய ஏர் இந்தியா விமானிகளுக்கும் ஊதியத்தில் சமநிலை வேண்டும் என்பது அவர்களது முக்கியக் கோரிக்கை. நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. சில விமானிகளைப் பணிநீக்கம் செய்தது. டில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் தொடங்கியது. பத்து நாட்களுக்குப் பின் மே மாதம் 6ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது.

இணைப்பினால் எழுந்த ஊதிய, பணிமூப்புச் சிக்கல்களை ஆராய, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி டி.எம். தர்மாதிகாரி தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் அக்குழு தனது அறிக்கையை அளித்தது. இரு நிறுவனங்களின் ஊழியர்களும் ஒன்றாகி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னர்தான், யார் யாருக்கு நிகர் என்பதற்கான முறையான பரிந்துரை கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

அறிக்கை வந்து சுமார் மூன்று மாதங்களில் இரண்டாவது மோதல் வெடித்தது. இம்முறை எதிர்த்தவர்கள் இந்திய விமானிகள் கில்டைச் சேர்ந்த பழைய ஏர் இந்தியா விமானிகள். டிரீம்லைனர் பயிற்சிக்கு இரு பிரிவினரையும் அனுப்பும் நிர்வாகத்தின் முடிவை அவர்கள் ஏற்கவில்லை. உள்நாட்டுச் சேவையில் விரைவாகக் கமாண்டர் ஆனவர்கள் புதிய விமானத்திலும் அதே பதவியில் வந்து அமர்ந்தால், பல ஆண்டுகளாகத் துணை விமானி இருக்கையில் காத்திருக்கும் தங்களது முறை இன்னும் பின்னுக்குத் தள்ளப்படும் என்பது அவர்களது அச்சம்.

மே மாத முற்பகுதியில் விமானிகள் உடல்நலக் குறைவு என்று அறிவித்துப் பணிக்கு வராமல் இருக்கத் தொடங்கினர். இது சட்டவிரோதமானது என்று டில்லி உயர் நீதிமன்றம் கூறியது. கில்டின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. 101 விமானிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். கோடை விடுமுறைக் காலத்தில் தொலைதூர வெளிநாட்டுச் சேவைகள் பெருமளவு குறைக்கப்பட்டன. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த நிறுவனத்துக்குப் பல நூறு கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டது. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின்னர் ஜூலை மாதம் 3ஆம் தேதி போராட்டம் முடிவுக்கு வந்தது. முதலாவது டிரீம்லைனர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அதன் பின்னர், செப்டம்பர் மாதத்தில்தான். வராத ஒரு விமானத்துக்காக நடந்த சண்டை அது.

இதைப் பேராசை என்றோ, கட்டுப்பாடின்மை என்றோ கூறி ஒதுக்கிவிடுவது எளிது. சிகிச்சைக்காகவும் திருமணத்துக்காகவும் துக்க நிகழ்ச்சிக்காகவும் பயணச்சீட்டு வாங்கி விமான நிலையங்களில் தவித்தவர்களிடம் விமானிகளின் வாதம் எடுபடாது என்பதும் உண்மை. ஆனால் 2011ஆம் ஆண்டு ஒரு தரப்பும், 2012ஆம் ஆண்டு அதற்கு நேர் எதிரான தரப்பும், ஒரே இணைப்பினால் தாங்கள் வஞ்சிக்கப்பட்டதாக உணர்ந்தன. தவறு மனிதர்களிடம் மட்டும் இருந்திருந்தால் ஒரு தரப்பாவது மனநிறைவுடன் இருந்திருக்கும்.

கணக்கு ஏன் தீர்வதில்லை?

இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கப் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வகையில் நியாயமானது. ஒவ்வொன்றும் யாரையாவது பாதிக்கக் கூடியது. ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும்.

பழைய நிறுவனம் ஒன்றில் 300 விமானிகள் இருப்பதாகக் கொள்வோம். பத்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வேகமாக வளர்ந்த புதிய நிறுவனத்தில் 100 பேர் இருக்கிறார்கள். பழைய நிறுவனத்தின் விமானிகளில் 200 பேர் பத்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்கள்.

பணியில் சேர்ந்த தேதியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், புதிய நிறுவனத்தில் முதலாவது இடத்தில் இருந்தவர் இணைந்த பட்டியலில் 201ஆவது இடத்துக்கு இறங்குவார். நேற்று வரை அவருக்கு மேலே ஒருவரும் இல்லை. இன்று 200 பேர் இருக்கிறார்கள். அவர் நம்பிச் சேர்ந்த எதிர்காலம் ஒரே நாளில் மறைந்துவிடுகிறது.

இதற்குப் பதிலாக, அவரவர் பட்டியலில் வகித்த நிலையை விகிதப்படி காப்பாற்றலாம். பழைய நிறுவனத்தின் மூவருக்குப் பின் புதிய நிறுவனத்தின் ஒருவர் என்று அடுக்கினால், புதிய நிறுவனத்தின் முதல்வர் நான்காவது இடத்தைப் பெறுவார். ஆனால் பழைய நிறுவனத்தில் 200ஆவது இடத்தில் இருந்தவர் இப்போது 266ஆவது இடத்துக்குப் போவார். புதிய நிறுவனத்தில் 66ஆவது இடத்தில் இருந்தவர், மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் பணியில் சேர்ந்தவராக இருந்தாலும், பத்து ஆண்டுகள் உழைத்த இவருக்கு முன்னால் நிற்பார்.

மூன்றாவது வழி, வாங்கப்பட்ட நிறுவனத்தின் விமானிகளை ஒட்டுமொத்தமாகப் பட்டியலின் அடியில் சேர்ப்பது. அது வென்றவர் விதிக்கும் நிபந்தனை. நான்காவது வழி, எந்த ரக விமானம், எந்தப் பதவி என்ற பிரிவுகளின்படி ஆட்களை வகுத்து, பணியாற்றிய காலத்துக்கும் ஓரளவு மதிப்பளித்துக் கலவையாக ஒரு பட்டியலை உருவாக்குவது. இதனுடன், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை ஒரு தரப்பின் விமானங்களுக்கு மறு தரப்பினர் உரிமை கோரக் கூடாது என்று வேலி அமைப்பதும் உண்டு. பழைய ஏர் இந்தியா விமானிகள் டிரீம்லைனரைச் சுற்றிக் கேட்டதும் ஏறத்தாழ அப்படியொரு வேலியைத்தான்.

பணியாற்றிய காலம் பெரிதா, கொண்டுவந்த வாய்ப்பு பெரிதா என்பதே இவற்றின் அடியில் இருக்கும் கேள்வி. அதற்குக் கணிதத்தில் விடை கிடையாது.

அமெரிக்கா கற்ற பாடம்

இணைப்புகள் அதிகம் நடந்த அமெரிக்காவில் இந்தச் சிக்கல் பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. நொடித்துப்போன டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2001ஆம் ஆண்டு வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளில் பெரும் பகுதியினர் இணைந்த பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, அடியில் இருந்தவர்களே முதலில் வேலை இழந்தனர். அந்த நிறுவனத்தின் முக்கியத் தளமான செயின்ட் லூயிஸ் நகரம் மிசூரி மாநிலத்தில் உள்ளது. அம்மாநிலத்தைச் சேர்ந்த கிளேர் மெக்காஸ்கில், கிட் பாண்ட் ஆகிய இரு செனட்டர்கள், வெவ்வேறு கட்சியினராக இருந்தும், இணைந்து கொண்டுவந்த சட்டத் திருத்தம் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. பணிமூப்புப் பட்டியல்கள் நியாயமாகவும் சமமாகவும் இணைக்கப்பட வேண்டும், உடன்பாடு ஏற்படாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குச் செல்ல வேண்டும் என்பதே அதன் சாரம்.

நடுவர் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் ஆகிய நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டு இணைந்தன. யுஎஸ் ஏர்வேஸ் நீண்ட வரலாறு உள்ள, ஆனால் இரண்டு முறை திவால் பாதுகாப்பு கோரிய நிறுவனம். அதன் விமானிகளில் சுமார் 1,700 பேர் அப்போது வேலையின்றி, திரும்ப அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தனர். அமெரிக்கா வெஸ்ட் இளைய நிறுவனம். அதில் எவரும் வேலை இழந்திருக்கவில்லை. நடுவர் ஜார்ஜ் நிக்கலாவ் 2007ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தார். யுஎஸ் ஏர்வேஸின் மிக மூத்த 517 விமானிகளைப் பட்டியலின் உச்சியில் வைத்தார். வேலையின்றிக் காத்திருந்தவர்களை அடியில் வைத்தார். இடையில் உள்ளவர்களை நிலையின் அடிப்படையில் கலந்தார். இதனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிப் பின்னர் வேலை இழந்திருந்த ஒருவர், இணைப்புக்குச் சற்று முன்னர் பணியில் சேர்ந்த இளைஞருக்குக் கீழே நிற்க நேர்ந்தது.

எண்ணிக்கையில் அதிகமாக இருந்த யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் தீர்ப்பை ஏற்க மறுத்தனர். 2008ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் தங்கள் தொழிற்சங்கத்தையே அகற்றிவிட்டுப் புதிய சங்கம் ஒன்றை அமர்த்தினர். வழக்குகள் தொடர்ந்தன. நிறுவனத்தின் பெயரும் விமானங்களின் வண்ணமும் ஒன்றாக இருந்தன. விமானிகளின் பட்டியல்கள் இரண்டாகவே நீடித்தன. பொது ஒப்பந்தம் ஏற்படாததால் ஊதிய உயர்வும் தள்ளிப்போனது. 2013ஆம் ஆண்டு அந்நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்த பின்னர், 2016ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் ஒரே பட்டியல் வெளியாயிற்று. தொடக்க இணைப்பிலிருந்து கணக்கிட்டால் பதினொரு ஆண்டுகள்.

அதே நாட்டில் மாறான அனுபவமும் உண்டு. டெல்டா, நார்த்வெஸ்ட் நிறுவனங்கள் 2008ஆம் ஆண்டு அக்டோபரில் இணைந்தன. விமானிகளுக்கான பொது ஒப்பந்தம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது. பணிமூப்பில் உடன்பாடு வராததால் அது மட்டும் நடுவர் குழுவிடம் சென்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தீர்ப்பு வந்தது. அங்கும் எல்லோரும் மகிழ்ச்சி அடையவில்லை. ஆனால் எல்லோரும் தங்களது எண்ணை அறிந்தனர். அதை வைத்து எதிர்காலத்தைத் திட்டமிட முடிந்தது.

கனடாவில் ஏர் கனடாவும் கனேடியன் ஏர்லைன்ஸும் இணைந்தபோது, 2001ஆம் ஆண்டு வந்த நடுவர் தீர்ப்பு ஒதுக்கிவைக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டு வேறொரு தீர்ப்பு வந்தது. இங்கே நியூசிலாந்திலும், உள்நாட்டுச் சேவையை நடத்திய தேசிய விமான நிறுவனமும் வெளிநாடுகளுக்குப் பறந்த ஏர் நியூசிலாந்தும் 1978ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒன்றாக்கப்பட்டன. போயிங் 737 ரக விமானங்களில் உள்நாட்டில் பறந்தவர்களும், டிசி-10 ரக விமானங்களில் கண்டம் விட்டுக் கண்டம் சென்றவர்களும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் ஆனார்கள். இந்தியா 29 ஆண்டுகள் கழித்துச் செய்த இணைப்பின் வடிவமும் இதுவே.

மீண்டும் இணைப்புகள்

2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்குச் சென்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் புதிய ஊதிய முறையை நிர்வாகம் அறிவித்தபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இந்திய வணிக விமானிகள் சங்கமும் இந்திய விமானிகள் கில்டும், அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஒரே குரலில் பேசின. பட்டியல்களை ஒன்றாக்க முயன்றபோது சேராதவர்களைப் பொதுவான ஒரு கவலை சேர்த்துவைத்தது.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் ஏர் ஏசியா இந்தியாவாகத் தொடங்கிய நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரசுடன் இணைந்தது. நவம்பர் 12ஆம் தேதி விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விஸ்தாராவின் பங்குதாரரான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இணைந்த நிறுவனத்தில் 25.1 சதவீதப் பங்கைப் பெற்றது.

இந்த இணைப்புகளும் சலசலப்பு இன்றி நடக்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், இணைப்பை முன்னிட்டு மாற்றப்பட்ட ஊதிய முறையால் அதிருப்தி அடைந்த விஸ்தாரா விமானிகள் பலர் விடுப்பில் சென்றனர். விமானிகள் பற்றாக்குறையால் அந்நிறுவனம் நாளொன்றுக்கு 25 முதல் 30 சேவைகளைக் குறைத்துக்கொண்டது. மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரசின் விமானப் பணியாளர்கள் கூட்டமாக உடல்நலக் குறைவு விடுப்பு எடுத்தனர். ஓய்வு வயது விஸ்தாராவில் 60, ஏர் இந்தியாவில் 58 என்று இருந்ததும் பேச்சுக்குப் பொருளாயிற்று. மேலே இருப்பவர் இரண்டு ஆண்டுகள் தாமதமாக ஓய்வுபெற்றால், கீழே இருப்பவரின் உயர்வும் தாமதமாகும். ஓய்வு வயது என்பது பணிமூப்பின் மறுபக்கம் என்பதை இது காட்டுகிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏர் இந்தியா தனது விமானிகளின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது.

பயணிகளுக்கு இதில் என்ன?

விமானிகளின் வரிசைச் சண்டை அவர்களது சொந்த விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு விமானத்தின் பாதுகாப்பு, அருகருகே அமர்ந்திருக்கும் இருவரின் ஒத்துழைப்பைச் சார்ந்திருக்கிறது. கமாண்டர் தவறு செய்தால் துணை விமானி தயங்காமல் சொல்ல வேண்டும்; கமாண்டர் அதைக் கேட்க வேண்டும். இதற்காகவே 1980களிலிருந்து உலகெங்கும் விமானிகளுக்குத் தனிப்பயிற்சி அளிக்கப்படுகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் தமது இடத்தைப் பறித்துக்கொண்டவர் என்ற எண்ணம் அந்த அறைக்குள் நுழைவது எவருக்கும் நல்லதல்ல.

வேலைநிறுத்தங்களின் சுமையை, மாற்று வழி இல்லாத பயணிகளே அதிகம் தாங்குகிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்குச் செல்பவர் ரயிலில் ஏறலாம். ஆக்லாந்திலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ தாய் தந்தையரைக் காணப் புறப்பட்டவருக்கு அந்த வசதி இல்லை.

இத்தனை நாடுகளின் அனுபவத்திலிருந்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். எல்லோரும் நியாயம் என்று ஒப்புக்கொள்ளும் பட்டியல் என்று ஒன்று இல்லை. எனவே பட்டியல் எப்படி உருவாகிறது, எப்போது உருவாகிறது என்பவையே முக்கியமாகின்றன. இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் முன்னிலையில், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதிகளின்படி, காலவரையறைக்குள் எடுக்கப்படும் முடிவை, அதனால் இழப்பவர்களும் பெரும்பாலும் சகித்துக்கொள்கிறார்கள். விதிகள் பின்னர் வரும் என்று சொல்லி முதலில் நிறுவனங்களை இணைத்துவிட்டால், ஒவ்வொரு புதிய விமானமும் ஒவ்வொரு காலியிடமும் ஒரு தகராறாக மாறுகிறது.

2007ஆம் ஆண்டு இணைப்பில் பெயர், சின்னம், தலைமை அலுவலகம் ஆகியவை முதலில் முடிவாயின. மனிதர்களின் வரிசை கடைசிக்கு விடப்பட்டது. விமானங்களைக் கடன் பெற்று வாங்கலாம். பங்குகளைக் கையெழுத்திட்டு மாற்றலாம். இருபது ஆண்டுகள் காத்திருந்த ஒருவரின் முறையை அப்படி மாற்றி எழுத முடியாது. அதற்கு அவரது ஒப்புதல் வேண்டும். குறைந்தபட்சம், தமது தரப்பு முறையாகக் கேட்கப்பட்டது என்ற நம்பிக்கையாவது அவருக்கு வேண்டும்.